ரெடிங் சிறை வாசல்: லண்டனே கொண்டாடிய ஆஸ்கர் வைல்டு 'சி.3.3' ஆனது எப்படி?

கோபுரங்கள், கொத்தளங்கள், நடுவில் பெரிய வாசல். கண்ணாடிச் சட்டம் போட்ட இந்தப் பழைய அச்சுப்படத்தை சட்டென்று பார்த்தால் ஏதோ ராஜாவின் கோட்டை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால், இது ஜெயில்!

லண்டனுக்கு மேற்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ரெடிங் நகரம். விக்டோரியா மகாராணி காலத்தில், 1844-ல் இந்தச் சிறை திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். பின்னாளில் லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்தின் பிரமாண்ட ஹோட்டலைக் கட்டியதும் இவர்தான். வெளியே இவ்வளவு அழகு. உள்ளேயோ ஒவ்வொரு கைதியும் தனி அறையில், யாரோடும் பேசக்கூடாது.

1895 நவம்பரில் இங்கே கொண்டுவரப்பட்டவர்தான் நாடக ஆசிரியர் ஆஸ்கர் வைல்டு.

என்ன நடந்தது?

1854-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர் வைல்டு. 1895 தொடக்கத்தில் லண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய இரண்டு நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆல்பிரட் டக்ளஸ் என்ற இளைஞருடன் அவருக்கு இருந்த உறவை எதிர்த்த இளைஞரின் தந்தை குவீன்ஸ்பெரி பிரபு, வைல்டைக் கேவலப்படுத்தி ஒரு சீட்டு எழுதி வைத்தார். வைல்டு அவதூறு வழக்குப் போட்டார். அங்கேதான் தப்புக் கணக்கு. வழக்கு தோற்றது, அதில் வந்த சாட்சியங்களே அவருக்கு எதிராகத் திரும்பின. பிரான்சுக்குப் போய்விடுங்கள் என்று நண்பர்கள் கெஞ்சியும் அவர் கிளம்பவில்லை. ஆண்களுக்கு இடையிலான உறவு அன்று பிரிட்டனில் குற்றம். மே 25-ல் இரண்டு வருட கடுங்காவல் தண்டனை.

விளம்பரப் பலகைகளில் அவர் பெயர் மறைக்கப்பட்டது. வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. மனைவி கான்ஸ்டன்ஸ் இரண்டு மகன்களோடு வெளிநாடு போய், குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார்.

லண்டன் சிறைகளில் பலகைப் படுக்கை, பழைய கயிற்றை விரலால் பிரிக்கும் வேலை, பட்டினி. உடம்பு உடைந்தது. ரெடிங்குக்கு மாற்றும் வழியில் கிளாப்ஹாம் ஜங்ஷன் ரயில் நிலையத்தில், கைதி உடையில், கைவிலங்கோடு, மழையில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். கூட்டம் கூடிச் சிரித்தது.

ரெடிங்கில் அவருக்குப் பெயர் கிடையாது. சி பிளாக், 3-வது தளம், 3-வது அறை. அதனால் 'சி.3.3'. 1896-ல் அம்மா இறந்தபோது, அந்தச் செய்தி வேறு யார் வாயிலாகவும் அவருக்குத் தெரியக்கூடாது என்று கான்ஸ்டன்ஸ் இத்தாலியில் இருந்து நேரில் வந்து சொன்னார். கணவன் மனைவி சந்தித்தது அதுவே கடைசி.

அதே ஆண்டு மேஜர் நெல்சன் சிறை அதிகாரியாக வந்தார். புத்தகமும் பேனாவும் கொடுத்தார். டக்ளசுக்கு வைல்டு எழுதிய அந்த நீண்ட கடிதம் அப்படித்தான் பிறந்தது.

வெளியே வந்ததும் எழுதியது என்ன?

விடுதலைக்கு முன் ரெடிங் சிறைக்குள் மூன்று சிறுவர்களைப் பார்த்தார் வைல்டு. முயல் பிடித்ததற்காக அவர்களுக்குத் தண்டனை. அபராதம் எவ்வளவு என்று சொன்னால் நானே கட்டுகிறேன் என்று மார்ட்டின் என்ற வார்டருக்குத் துண்டுச்சீட்டு எழுதினார். இத்தனைக்கும் அவரே திவாலானவர்.

1897 மே 19-ல் விடுதலை. அன்றிரவே பிரான்சுக்குக் கப்பல். அதற்குள் ஒரு செய்தி: பசியில் அழுத ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்ததற்காக மார்ட்டின் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். வைல்டு உடனே டெய்லி கிரானிக்கிள் பத்திரிகைக்கு நீண்ட கடிதம் அனுப்பினார். அவர் பட்ட அவமானத்தைவிட, ஜெயிலில் குழந்தைகள் படும் பாடுதான் அதில் பெரிதாக இருந்தது. சிறைச் சட்டத் திருத்தம் விவாதத்தில் இருந்த 1898-ல், கைதிகளின் பசி, நோய், தூக்கமின்மை பற்றி மறுபடியும் எழுதினார்.

அதே ஆண்டு, ரெடிங்கில் தூக்கிலிடப்பட்ட ஒரு ராணுவ வீரரைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை புத்தகமாக வந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சி.3.3' மட்டும். விற்பனை சூடுபிடித்தது. அவர் பெயர் அதில் அச்சானது 1899-ல், ஏழாவது பதிப்பில்தான்.

அடுத்த ஆண்டு நவம்பர் 30-ல், பாரிஸில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 46. மகன்களை அவர் பிறகு பார்க்கவே இல்லை.