பாரி தோமஸும் 'பாப்ஸ்' என்னும் பந்தய வண்டியும்

பொறியியலாளர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் கையாண்ட கருவியின் வரலாற்றையும் உடனாராய்தல் வேண்டும். ஜோன் கொட்பிரி பாரி தோமஸ் என்பாரின் வாழ்வு, 'பாப்ஸ்' என்னும் விந்தை மோட்டார் வண்டியின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதை நாம் காண்கின்றோம்.

தோமஸ் 1885ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு றெக்ஸம் நகரிற் சமயகுரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். இலண்டனிற் பொறியியல் பயின்ற அவர், பஸ் வண்டிகளால் நம் நாட்டவர்க்கும் அறிமுகமான லேலண்ட் கொம்பனியின் பிரதம பொறியியலாளராக உயர்ந்தார். எட்டு உருளைகள் கொண்ட சிறந்த காரொன்றை அவர் வடிவமைத்தார். 1920இல் அது இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. ஆயினும் விலைமிகுதியால் அவ்வகைக் கார்கள் மிகச் சிலவே விற்பனையாயின. பின்னர் அவர் உயர் பதவியைத் துறந்து, புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலிலேயே குடிபுகுந்து, வண்டிகளைத் திருத்தி ஓட்டுவதே தொழிலாகக் கொண்டார்.

இனி, 'பாப்ஸ்' தோன்றிய வகையை நோக்குவோம். கென்ற் மாவட்டத்தில் ஹையம் என்னும் மாளிகையில் வாழ்ந்த செல்வரான லூயி ஸ்பொறொவ்ஸ்கி பிரபுவே இவ்வண்டியை முதலிற் செய்வித்தவர். போர் விமானங்களுக்கென அமெரிக்காவில் உருவாகிய 'லிபேட்டி' என்னும் 27 லீற்றர், 12 உருளை யந்திரம் அதன் இதயமாயிற்று. கியர்ப்பெட்டி பழைய பென்ஸ் வண்டியொன்றினது. யந்திரத்தின் வலுவைப் பின்சக்கரங்களுக்குச் சங்கிலிகள் கொண்டுசென்றன. 1924இல் இத்தாலியின் மொன்சாத் திடலில் அப்பிரபு விபத்தில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற வண்டியைத் தோமஸ் 125 பவுணுக்கு வாங்கினார், தாமே வகுத்த பிஸ்ரன்களையும் நான்கு காபுரேற்றர்களையும் பொருத்தினார், மேற்கூட்டையும் புதுக்கினார். பிறர் செய்த வண்டி அவர் வண்டியாயிற்று.

1926ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், வேல்ஸ் நாட்டுப் பென்டைன் கடற்கரை மணலில், மணிக்கு 171 மைல் வேகத்தில் அதனைச் செலுத்தித் தோமஸ் உலக சாதனை நிலைநாட்டினார். 1927 பெப்ரவரியில் மல்கம் காம்பெல் அதே கரையில் அவரை விஞ்சினார். இழந்ததை மீட்கும் பொருட்டு மார்ச் 3ஆம் திகதி தோமஸ் மீண்டும் ஓடினார். பெருவேகத்தில் வண்டி நிலைகுலைந்து புரண்டது. 41 வயதிலேயே அவர் உயிர் நீத்தார். அவருடல் சரே மாவட்டத்துப் பைபிளீற் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பெற்றது. வண்டியைப் பென்டைன் மணலிலேயே புதைத்தனர்.

அறுந்த சங்கிலியே அவரைக் கொன்றது என்பது நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. 1969இல் வேல்ஸ் நாட்டுப் பொறியியல் விரிவுரையாளர் ஓவென் வின் ஓவென் வண்டியைத் தோண்டியெடுத்தார். துருவேறிய பகுதிகளை ஆராய்ந்தபோது, பின்பக்க வலச் சக்கரமே முதலிற் சிதைந்திருக்கக்கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது. பல்லாண்டு உழைப்பின்பின் அவ்வண்டி மீண்டும் ஓடும் நிலை எய்தியது.

துயரால் வண்டியைப் புதைத்தோரை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் விபத்தின் காரணத்தைக் கூறவல்ல சான்றும் அதனுடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் மறைந்தது. பழுதுற்றதை எடுத்து ஆராய்வதே பொறியியல் அறிவின் தொடக்கம். தோமஸ் தம் வாழ்நாளெல்லாம் செய்ததும் அதுவே. தொழிற்கல்வி நாடும் நம் மாணவர் அதனை உளங்கொள்வாராக.