இப்னு கல்தூன் காட்டிய ஆய்வுநெறி

சமயம் மக்களை ஏன் பிணைக்கிறது, அப்பிணைப்பு ஒரு கூட்டம் நிலைத்து வாழ எங்ஙனம் துணைபுரிகிறது எனப் பரிணாம நோக்கில் ஆராயும் அறிஞர் இன்று பலர் உளர். ஆறு நூற்றாண்டுகட்கு முன்னரே அவ்வினாவை எழுப்பிய பேரறிஞர் இப்னு கல்தூன். அன்னார்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1332ஆம் ஆண்டு துனிஸ் நகரில், அந்தலூசியாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். 1348-49இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். பின்னர் பெஸ், கிரனாடா அரசவைகளில் பணியாற்றினார், சிறைவாசமும் கண்டார். அரசுகள் எழுவதும் வீழ்வதும் அவர் நேரிற் கற்ற பாடங்கள்.

1375இல் அரசியலைவிட்டு விலகி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கினார். 1377இல் 'முகத்திமா'வின் முதல் வடிவை ஐந்தே திங்களில் எழுதி முடித்தார். ஒரு குழுவைக் கட்டிக்காக்கும் ஒருமையுணர்வை அந்நூலில் 'அஸபிய்யா' என்றார். ஒருவரையொருவர் சார்ந்தே பிழைக்கவேண்டிய பாலைவாழ்வில் அது வலுப்பெறும்; நகரத்துச் சொகுசில் தேயும். ஆகவே அரசமரபுகள் பொதுவாக மூன்று தலைமுறைக்குமேல் நிலையா என்பது அவர் முடிவு. சமயம் பொறாமையையும் போட்டியையும் அகற்றி அவ்வலிமையைப் பெருக்கும். எனினும் குழுவலிமையின்றிச் சமய அழைப்பு நிறைவேறாது என்றும் விளக்கினார்.

இங்ஙனம் காரணகாரியம் தேடுவது ஈமானுக்கு ஊறாகுமோ என நம் மாணவருட் சிலர் அஞ்சலாம். இப்னு கல்தூனோ 1384இல் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியாக அமர்ந்தவர். வஹீயை ஐயுறாமலே, உலகில் சமயம் செயற்படும் முறையை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே கடல்விபத்தில் குடும்பத்தாரை இழந்தும் அறிவுப்பணியைக் கைவிட்டாரல்லர். பன்முறை பதவி நீக்கப்பெற்று, மீண்டும் அமர்த்தப்பெற்றார். 1401இல் திமிஷ்கு நகரை முற்றுகையிட்ட தைமூரைச் சந்தித்து உரையாடினார். 1406இல் கெய்ரோவில் மறைந்தார்.

டார்வின் 1859இல் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கையை இப்னு கல்தூன் முன்கூட்டியே உரைத்தார் எனக் கூறுதல் மிகை. கனிமம், தாவரம், விலங்கு, மனிதன் எனும் படிநிலைத் தொடர்பை அவர் கூறியது உண்மையே. அதற்கு அவர் இயற்கைத் தேர்வைக் காரணமாகக் காட்டவில்லை. ஆயினும் சமூகப் பரிணாமத்தைக் கணித வழியில் ஆயும் பீட்டர் துர்ச்சின், 2003இல் வெளியிட்ட நூலில் 'அஸபிய்யா' என்னும் கருத்தையே அடிப்படையாகக் கொண்டார். முன்னோர் பெருமை பேசுவதோடு நில்லாது, அவர்போல் அஞ்சாது வினவக் கற்பதே நாம் அவருக்குச் செய்யும் நன்றியாகும்.