வம்சாவளி தேடுவோருக்கு ஒரு முன்னோடி: சுவாமி ஞானப்பிரகாசர்

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வரும் உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பூட்டனுக்கு அப்பால் எங்கட ஆட்கள் யார்? 1995 இடப்பெயர்வோடு காணி உறுதியும் சாதக ஓலையும் தொலைந்துபோன வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைப் படியுங்கள் என்பேன். அவர் யாருடைய பூட்டனையும் காட்டித்தர மாட்டார். தேடும் விதத்தைக் காட்டுவார்.

1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் வைத்திலிங்கம். சிறுவயதில் தந்தை இறந்துவிட, தாய் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். பிள்ளையும் கத்தோலிக்கரானார். புகையிரதத் திணைக்களத்தில் கொஞ்சக்காலம் வேலை பார்த்தார். அதை விட்டுத் துறவறம் பூண்டு 1901இல் குருவானார். எழுபதுக்கு மேற்பட்ட மொழிகள் தெரிந்தவர் என்பார்கள். அந்த எண்ணிக்கையைவிட, அந்நிய மொழி ஆவணங்களை அவர் பயன்படுத்திய விதமே எனக்குப் பெரிது.

அக்காலத்தில் யாழ்ப்பாணச் சரித்திரம் என்றால் முதலில் கைக்கு வருவது யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மயில்வாகனப் புலவர் எழுதியது. தமிழரசு வீழ்ந்து நூறு வருடத்துக்கு மேல் கடந்தபின் எழுதப்பட்ட நூல் அது. சுவாமிகள் அதைப் போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த சங்கிலி ஒருவர். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்ட சங்கிலி வேறொருவர். எழுபத்தைந்து வருட இடைவெளியில் இருந்த இருவரை வைபவமாலை ஒருவராக்கிவிட்டது.

நம் குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம். கந்தர் வேலுப்பிள்ளையின் மகன் வேலுப்பிள்ளை கந்தர். வாய்வழிக் கதையை மட்டும் நம்பினால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். உறுதி, கோயில் கணக்கு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, ஒல்லாந்தரின் தோம்பு என்று இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும்.

சுவாமிகளின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வந்தது. முதலியார் இராசநாயகத்தின் முடிவுகள் பலவற்றோடு அவர் உடன்படவில்லை. குடாநாட்டின் சில ஊர்ப்பெயர்களுக்குச் சிங்கள வேர் உண்டு என்றும் எழுதினார். ஊருக்கு உவப்பான பேச்சல்ல அது. இன்றும் அதைச் சொல்லத் தயங்குகிறோம். அவரையும் தந்தை வழியில் அரச பரம்பரை என்பார்கள். அப்படிப் பெருமை பேசாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் எத்தனை!

கடைசிக் காலத்தில் தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடும் அகராதியில் இறங்கினார். அது முடியுமுன் 1947இல் காலமானார். வைபவ விமர்சனத்தை நூலகம் நிறுவனம் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அதற்கு முன், வீட்டில் இருக்கும் வயதானவரிடம் பெயர்களை எழுதி வாங்குங்கள், யார் யாருக்குப் பிள்ளை என்பதோடு.