ஆம்பூர் ஷூவுக்கு முன்னால் ஒரு கவலைச் சால்: தோல் வாத்தியார் சாட்டர்டனின் கதை

உங்கள் காலில் கிடக்கும் லெதர் ஷூவைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்களேன். பிராண்ட் பெயர் வெளிநாட்டுடையதாக இருக்கலாம். தைத்த கை ஆம்பூர்க்காரருடையதாக இருக்கலாம். தோலைப் பதப்படுத்திய ஊர் ராணிப்பேட்டையாகவோ வாணியம்பாடியாகவோ இருக்கலாம். சந்தையில் ஆட்டுத்தோல் வாங்குவதில் தொடங்கி, சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுவது வரைக்கும் இது ஒரு நீளமான சங்கிலி. எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் இதை சப்ளை செயின் என்பார்கள்.

அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நம் ஊரில் இருக்கிறது, எது கப்பலேறிப் போகிறது? எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்பதை முடிவு பண்ணுவது இந்தக் கேள்விதான். 120 வருஷத்துக்கு முன்னால் இதை நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இன்ஜினீயரிங் வாத்தியார். பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன்.

பாத்திரத்தில் தொடங்கியவர்

1866-ல் பிறந்த சாட்டர்டன், 1888-ல் சென்னை இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பேராசிரியராக வந்தார். பாடம் நடத்தினோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருந்துவிடவில்லை. 1898-ல் சென்னை ஓவியப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். அது வெற்றி. கம்பெனியாகவே வளர்ந்தது. இன்று நம் சமையலறையில் உருளும் அலுமினியச் சட்டிக்கு அப்படியொரு பூர்விகம் உண்டு.

அடுத்து அவர் கண் தோல் மீது விழுந்தது. காரணம், ஒரு நெருக்கடி.

பிலடெல்பியாவிலிருந்து வந்த அடி

அதுவரைக்கும் நம்மூர்த் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோல், சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அங்கே அதற்கு நல்ல பெயர்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குரோம் பதனிடும் முறை வந்தது. குரோமிய உப்பு சேர்த்தால் வாரக்கணக்கு வேலை சில நாட்களில் முடிந்துவிடும். தோல் மெல்லிசாக, பளபளப்பாக, தண்ணீர் பட்டாலும் தாங்குவதாக இருக்கும். பிலடெல்பியா ஆலைகளுக்கு நம்மூர் ஆட்டுத்தோல் வேண்டும். ஆனால், நாம் பதனிட்ட தோல் வேண்டாம். பச்சைத்தோலை உப்புப் போட்டு அப்படியே அனுப்பச் சொன்னார்கள். விலையும் கூடக் கொடுத்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? வியாபாரம் படுக்கவில்லை, கப்பலும் காலியாகப் போகவில்லை. ஆனால் இங்கே நடந்த வேலை கடல் தாண்டிப் போனது. தோல் ஷாப்புகள் பல இழுத்து மூடப்பட்டன.

கிணற்றடியில் ஒரு சோதனை

1903 வாக்கில், அரசு செலவில் குரோம் பதனிடலைச் சென்னையில் செய்து பார்க்க ஆரம்பித்தார் சாட்டர்டன். செருப்பு, பூட்ஸ் எல்லாம் செய்தார். அவர் கண்ணில் பட்ட இன்னொரு பொருள், கவலைச் சால். கலவை, திமிரி பக்கம் உங்கள் தாத்தா இருந்தால் கேளுங்கள். மாடு பூட்டி, கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இறைப்பார்கள். சாதாரணத் தோல் நனைந்து நனைந்து சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் தாக்குப்பிடித்தது. வெளிநாட்டுச் சந்தையை மட்டும் நம்பாமல், உள்ளூர் விவசாயிக்கும் அதே தோலை விற்க ஒரு வழி கிடைத்தது.

இங்கேதான் சிக்கல். அரசாங்கமே கடை விரித்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கொதித்தார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி உத்தரவு போட்டார்: அரசு தொழில் கற்றுக்கொடுக்கலாம், தொழில் நடத்தக் கூடாது. சாட்டர்டனின் குரோம் ஆலை ரேவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது.

மைசூரில் கிடைத்த பதில்

மனுஷர் சோர்ந்து உட்காரவில்லை. 1912-ல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்த் தொழில்துறையைக் கவனித்தார். முதல் உலகப்போர் வந்ததும், ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த மைசூர்ச் சந்தனக் கட்டைக்கு வழி அடைபட்டது. கட்டை இங்கே தேங்கியது. எண்ணெயை நாமே எடுத்தால் என்ன? அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1916-ல் சந்தன எண்ணெய் ஆலை பிறந்தது. கச்சாப் பொருளை மட்டும் அனுப்புகிறவனுக்கு, ஒரு வழி அடைபட்டால் மொத்தமும் போச்சு. தோலில் செய்ய முடியாமல்போனதைச் சந்தனத்தில் செய்துகாட்டினார்.

1919-ல் சர் பட்டம் கிடைத்தது. 1958-ல் காலமானார். 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் நம் பக்கம் முழுத்தோலும் ஷூவும் பெரிய அளவில் வளர்ந்தன. அவர் சொன்ன திசைதான். ஆனால், அறுபது வருஷம் தாமதம்.

கதையை இதோடு முடித்தால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். வேலை திரும்பி வந்தபோது, அதன் கழிவும் கூடவே வந்தது. பாலாற்றங்கரையில் கிணறுகள் கெட்டன. வேலூர் மக்கள் வழக்குப் போட்டு, மாசு செய்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. சங்கிலியில் எந்தக் கண்ணி நம்மிடம் இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள், அந்தக் கண்ணி கக்கும் தண்ணீர் எங்கே போகும் என்பதை யோசிக்கவில்லை.

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க உதவும் என்று வந்த குரோம் அது. இன்று பாலாற்றங்கரையில் ஷூ தைத்துச் சம்பாதிக்கும் பல குடும்பங்கள், குடிக்கிற தண்ணீரை கேனில் விலைக்கு வாங்குகின்றன.