தரத்தின் ஆசான் டெமிங்

ஒரு தொழிற்சாலையில் நூறு பொருள்கள் செய்யப்படுகின்றன. இறுதியில் ஒருவர் அவற்றைச் சோதித்து, பழுதான பத்துப் பொருள்களை ஒதுக்கிவிடுகிறார். வாங்குவோருக்கு நல்ல பொருள் கிடைக்கும். ஆனால், ஒதுக்கப்பட்டவற்றுக்குச் செலவான மூலப்பொருளும் நேரமும் உழைப்பும் வீண்தானே? பழுதைப் பின்னர்த் தேடுவதைவிட, அது நேராதபடி வேலைமுறையைச் சீர்படுத்துவதே சிறந்தது என்று வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர் எட்வர்ட்ஸ் டெமிங்.

டெமிங் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தார். வயோமிங் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வறுமையில் வளர்ந்தார். சிறுவயதிலேயே தெருவிளக்கேற்றும் வேலை செய்து குடும்பத்திற்குக் கைகொடுத்தார். வறுமை அவரது கல்வியைத் தடுக்கவில்லை. மின்பொறியியல் பட்டதாரியான அவர், 1928இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய காலத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற அறிஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியவர். எந்த வேலையிலும் சிறுசிறு வேறுபாடுகள் தோன்றுவது இயல்பு. அவற்றுள் இயல்பானவை எவை, தனிக் காரணத்தால் நேர்ந்தவை எவை என்பதை அவ்வரைபடம் பிரித்துக் காட்டியது.

இரண்டாம் உலகப் போரின்போது டெமிங் இந்தப் புள்ளியியல் முறையை அமெரிக்கப் பொறியாளர்களுக்குப் பயிற்றுவித்தார். போர் முடிந்ததும் அமெரிக்கப் பொருள்களுக்கு உலகெங்கும் தேவை பெருகியது. எதைச் செய்தாலும் விற்றதால், தரத்தைப் பற்றிய அக்கறை குறைந்தது. பொறியாளர்களுக்கு மட்டும் கற்பித்தால் போதாது, முடிவெடுக்கும் மேலாளர்களும் கற்க வேண்டும் என்பதை டெமிங் உணர்ந்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உதவ 1947இல் ஜப்பானுக்குச் சென்ற டெமிங்கை, அந்நாட்டு அறிவியலாளர், பொறியாளர் சங்கம் 1950இல் விரிவுரையாற்ற அழைத்தது. போரில் சிதைந்திருந்த ஜப்பான், உணவையும் மூலப்பொருளையும் இறக்குமதி செய்ய ஏற்றுமதியை நம்பியிருந்தது. ஆனால், அதன் பொருள்கள் தரமற்றவை என்ற அவப்பெயர் நிலவியது. இம்முறை டெமிங் பொறியாளர்களோடு நின்றுவிடாமல் நிறுவனத் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார். தரம் உயர்ந்தால் வீண்செலவு குறையும், செலவு குறைந்தால் விலை குறையும், சந்தை விரியும், வேலைவாய்ப்பும் பெருகும் என்று விளக்கினார். தம் விரிவுரை நூலுக்கான உரிமைத்தொகையை அவர் ஏற்கவில்லை. அதனைக் கொண்டு 1951இல் டெமிங் விருது தோற்றுவிக்கப்பட்டது. ஜப்பானியப் பேரரசரின் பெயரால் 1960இல் அவருக்கு உயரிய பதக்கமும் வழங்கப்பட்டது.

தம் கருத்தை விளக்க அவர் ஒரு செயல்விளக்கம் நடத்துவார். பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐம்பது குழிகள் கொண்ட பலகையால் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணிகள் பழுதான பொருள்களைக் குறிக்கும். பாராட்டினாலும் கண்டித்தாலும் பலகையில் சிவப்பு மணிகள் வந்துகொண்டே இருக்கும். ஏனெனில், குறை அள்ளுபவரிடம் இல்லை, பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை மாற்றும் பொறுப்பு நிருவாகத்தினுடையது என்பதே அவர் உணர்த்திய பாடம்.

ஜப்பானியப் பொருள்கள் உலகச் சந்தையில் முன்னேறிய பிறகே தாய்நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1980இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி ஆவணப்படம் அவரை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் போன்ற பெருநிறுவனங்கள் அவரது ஆலோசனையை நாடின. அவர் ஓய்வை நாடவில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், 93ஆம் வயதில் மறையும்வரை கற்பித்துக்கொண்டே இருந்தார்.

தவறு நேர்ந்தால் யாரைக் குறைகூறலாம் என்று தேடுவது எளிது. அது ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்து, மீண்டும் நேராமல் தடுப்பதே தரத்திற்கு வழி. டெமிங்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.