சித்திரக்காரர் டேவிட் பெயிண்டர்

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்தினர் நம் இலக்கண நூலார். தந்தை வழியில் வந்த வெறுங் குடிப்பெயரைத் தம் கைத்திறத்தாலே காரணப் பெயராக்கிக்கொண்டார் ஒருவர். அவரே இலங்கையிற் சிறந்து விளங்கிய சுவர்ச்சித்திர வல்லுநர் டேவிட் பெயிண்டர். ஆங்கிலத்தில் எழுத்து வேறாயினும், ஒலியளவில் அப்பெயர் சித்திரக்காரர் என்றே பொருள்படுமன்றோ! அவர் இளமையிற் கல்வி பயின்ற இடங்களுள் நமது நீலகிரியும் ஒன்றாதலின், அவர் வரலாறு நாம் உரிமையோடு அறியத்தக்கது.

இவர் 1900ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலே பிறந்தார். தந்தையார் ஆங்கிலேய மிஷனெரி. தாயார் இலங்கைச் சிங்கள மாது. நீலகிரியின் முதற் கமிஷனராயிருந்த பிரீக்ஸ் துரையின் நினைவாக 1874இல் உதகமண்டலத்தில் நிறுவப்பெற்ற பள்ளியிற் சின்னாட் பயின்ற பின்னர், கண்டி நகரத்துத் திரித்துவக் கல்லூரியைச் சேர்ந்தார். அக்காலத்தில் அக்கல்லூரிக்குத் தலைவராயிருந்தவர் பிரேசர் ஐயர். மாணவர் தம் தாய்மொழியையும் தம் நாட்டுப் பண்பாட்டையும் இழந்து கல்வி பெறுதல் கூடாதென்பது அப்பெரியாரின் கொள்கை. அவ்விதை இளைஞர் பெயிண்டரின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது என்பதை அவருடைய பிற்காலப் படைப்புக்களே காட்டுகின்றன.

உபகாரச் சம்பளம் பெற்று இலண்டன் மாநகர் சென்று, ராயல் அகாடமிப் பள்ளியிலே ஓவியம் பயின்றார். அங்கே பெற்ற மற்றோர் உதவித் தொகையைக்கொண்டு இத்தாலி தேசத்திலும் தங்கிக் கற்றார். அந்நாட்டுப் பழைய ஆலயங்களில், சுண்ணச் சாந்து ஈரம் புலருமுன்னே வர்ணந் தீட்டி, வர்ணமும் சுவரும் ஒன்றாகும்படி செய்த சித்திரங்கள் பல உள. சித்தன்னவாசலையும் சிகிரியாவையும் உடைய கீழ்நாட்டாருக்கும் சுவர்ச்சித்திரம் புதிதன்று. மேல்நாட்டிலேயே இருந்து புகழும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அவரோ 1925இல் இலங்கைக்குத் திரும்பிவிட்டார்.

துணியிற் றீட்டிய ஓவியம் விலைபோகும். செல்வர் மாளிகைக்கும் அயல் நாட்டிற்கும் பெயர்ந்து செல்லும். சுவரில் எழுதியதோ எழுதிய இடத்திலேயே நிற்கும். நாடோறும் அங்கு வருவோர்க்கே உரியதாகும். தாம் பயின்ற திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்திலே, மாணவர் நாடோறும் காணும்படி பெயிண்டர் சுவர்ச்சித்திரங்களை எழுதினார். பழைய சிங்களக் கட்டட முறையைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களோடு எழுந்த ஆலயம் அது. செபதேயுவின் மனைவி தன் மக்கள் இருவருக்காக வேண்டி நிற்பது, நல்ல சமாரியன், பெருமான் சீடரின் பாதங்களைக் கழுவுவது, சிலுவைக் காட்சி ஆகிய நான்கும் ஆண்டுச் சுவரை அணி செய்கின்றன. அவற்றிற் காணும் முகங்கள் இலங்கை மக்களின் முகங்கள். சிலுவை நிற்பதும் கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்திலே. அதில் தொங்கும் பெருமான் தாடியில்லாத இளைஞராகக் காணப்படுகிறார்.

பொன்னிறக் குழலும் நீலக் கண்ணும் உடையவராகவே பெருமானைப் படங்களிற் கண்டு பழகிய கண்ணுக்கு இது திடுக்கீட்டை விளைத்தல் இயல்பே. பெத்லகேமிற் பிறந்தவரை ஐரோப்பியராக எழுதுதல் பிழையெனின், இலங்கையராக எழுதுதலும் பிழையே அன்றோ என்று ஒருவர் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். எனினும் சமாரியன் கதையை ஆராயுமிடத்து ஐயம் நீங்கியது. வழியிலே குற்றுயிராய்க் கிடப்பவன் அயல்நாட்டான் உருவில் இருப்பின், அது என்றோ எங்கோ நடந்ததென்று கடந்து செல்வோம். அவன் நம் வீதியில் மூட்டை சுமப்பவன் முகத்தோடு கிடப்பின், கடந்து செல்லக் கால் எழுமோ? பெயிண்டர் எழுத முயன்றது பெருமானின் புகைப்படமன்று. காண்போர் உள்ளத்தைத் தொடும் கேள்வியே.

கொழும்பு அரசாங்க நுண்கலைக் கல்லூரியிற் றலைமை பூண்டு மாணவர் பலரை உருவாக்கிய இவர், 1968இல் கல்கிசைப் புனித தோமையர் கல்லூரி ஆலயத்திலே மறுரூபக் காட்சியை எழுதி முடித்தார். பீடத்தின் பின்புறம் உயர்ந்து விளங்கும் அச்சித்திரம் அவருடைய முதுமையின் பெருஞ் செயல்.

ஆயினும் அவர் முதுமைக் காலம் பெரும்பாலும் வேறொரு பணிக்கே உரியதாயிற்று. நீலகிரியைப் போலவே குளிரும் தேயிலையும் நிறைந்தது நுவரெலியா. அங்குள்ள தோட்டங்களிலே துரைமாருக்கும் தொழிலாளப் பெண்டிருக்கும் பிறந்து, இரு சாராராலும் கைவிடப்பட்ட குழந்தைகள் பலர் இருந்தனர். அவர்களுக்கென அவர்தம் பெற்றோர் ஓர் இல்லம் நிறுவியிருந்தனர். அவ்வில்லத்துப் பிள்ளைகளின் நலனுக்குத் தம்மை ஒப்புவித்தார் பெயிண்டர். ஈரினத்தார்க்குப் பிறந்த அவர், அப்பிள்ளைகளிடத்துத் தம் முகத்தையே கண்டார் போலும்! சுவரிலே சமாரியனை எழுதிய கை, பின்னர் அச்சமாரியனின் தொழிலையே மேற்கொண்டது. 1975இல் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஓவியம் கற்கும் பேறு நம்மிற் பலர்க்கு இல்லை. எனினும் கற்ற கல்வியை எவர்க்கு உரியதாக்குவது என்னும் வினா நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றது. தாயார் நாட்டின் சுவரையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் தேடி வந்த பெயிண்டரின் வாழ்க்கை அதற்கு ஒரு விடையாகும். தேயிலை மலைகளைக் காணுந்தோறும் அதனை நாம் நினைவு கூர்வோமாக.