முதல் அணுக்களுக்குக் கணக்குத் தந்த மேதை மேகநாத் சாகா



விண்மீன்களின் இயல்பை ஒரே ஒரு சமன்பாட்டால் விளங்க வைத்த அறிஞர் ஒருவர் இருந்தார். பேரண்டத்தில் முதல் அணுக்கள் எப்போது உருவாயின, முதல் ஒளி எப்போது தடையின்றிப் புறப்பட்டது என்று கணக்கிடுவதற்கும் அச்சமன்பாடே முதற்படியாக அமைந்தது. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் மகன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிடும் என்ற நிலையில் வளர்ந்தவர். அவர்தாம் மேகநாத் சாகா.

இளமையும் வறுமையும்

சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்காவுக்கு அருகிலுள்ள சியோரத்தாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. இடியும் மழையுமாக இருந்த நாளில் பிறந்ததால் அவருக்கு மேகத்தின் பெயரை இட்டனர் என்பர். தந்தையார் ஜெகந்நாத் சாகா சிறு கடை நடத்தி வந்தார். எட்டுப் பிள்ளைகளுள் மேகநாத் ஐந்தாமவர்.

ஊர்ப் பள்ளியில் படிக்கும்போதே அவருடைய அறிவுக் கூர்மையை ஆசிரியர்கள் கண்டுகொண்டனர். ஆயினும் அடுத்த வகுப்புக்கான பள்ளி பல கல் தொலைவில் இருந்தது. அங்கே தங்கிப் படிக்கப் பொருள் இல்லை. மகன் கடையில் அமர்ந்து தமக்கு உதவட்டும் என்று தந்தையார் எண்ணினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பத்து வயிறுகள் நிறைய வேண்டிய வீடு அது.

அவ்வேளையில் மூத்த தமையனார் ஜெயநாத் துணை நின்றார். பள்ளி இருந்த ஊரில் அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவரை அணுகித் தம்பிக்கு இடம் கேட்டார். மருத்துவரும் இரங்கி, உணவும் உறைவிடமும் தந்தார். சிறுவன் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டான், மாட்டைப் பராமரித்தான், எஞ்சிய நேரமெல்லாம் படித்தான். தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றான். மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. தமையனாரும் தம் சிறு சம்பளத்தில் ஒரு பகுதியைத் தம்பிக்கு அனுப்பினார்.

தடைகள் பல

1905-ஆம் ஆண்டு சாகா டாக்கா நகரப் பள்ளியில் சேர்ந்தார். ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததை மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த காலம் அது. ஆளுநர் பள்ளிக்கு வந்தபோது மாணவர் பலர் அவ்வருகையைப் புறக்கணித்தனர். அவர்களுள் சாகாவும் ஒருவர். அவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. வேறொரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டதால் படிப்பு பிழைத்தது.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அவருடைய ஆசிரியர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் அவருடைய வகுப்புத் தோழர். ஆனால் மாணவர் விடுதியில் அவருக்கு வேறொரு பாடம் காத்திருந்தது. தாழ்ந்த குலத்தவர் என்று கூறி, உயர்குலத்தார் எனப்பட்ட மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். அந்த அவமதிப்பு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. எனினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. பட்டம் பெற்ற பிறகும் உரிய வேலை அமையும்வரை, மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தே பிழைத்தார்.

சாகா சமன்பாடு

1920-ஆம் ஆண்டு, 26-ஆம் வயதில், சாகா தம் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அதன் கருத்தை எளிமையாகக் காண்போம்.

ஓர் அணுவின் நடுவே அணுக்கரு இருக்கிறது. அதனுடன் எலெக்ட்ரான்கள் பிணைந்துள்ளன. வெப்பம் மிகும்போது இப்பிணைப்பு அறுந்து எலெக்ட்ரான் கழன்று ஓடும். வெப்பம் தணிந்தால் மீண்டும் வந்து சேரும். இடநெருக்கமும் இதில் பங்குகொள்கிறது. துகள்கள் நெருங்கியிருந்தால், கழன்ற எலெக்ட்ரான் விரைவில் ஓர் அணுக்கருவைச் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். துகள்கள் விலகியிருந்தால், துணை கிடைக்காமல் நெடுந்தொலைவு அலையும். இவ்வளவு வெப்பம், இவ்வளவு நெருக்கம் என்றால், நூற்றுக்கு எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்பதைக் கூறுவதே சாகா சமன்பாடு.

இதனைக் கொண்டு விண்மீன்களின் ஒளியிலிருந்தே அவற்றின் வெப்பத்தை அறிய முடிந்தது. 1925-இல் செசிலியா பெய்ன் என்ற பெண் அறிஞர் இச்சமன்பாட்டைப் பயன்படுத்தி, விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டறிந்தார். 1927-இல் சாகா இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை.

பேரண்டத்தின் மூடுபனி

இனி, இச்சமன்பாடு பேரண்டத்தின் தொடக்கத்தை எவ்வாறு விளக்குகிறது என்று பார்ப்போம்.

ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் மிகுந்த வெப்பமும் நெருக்கமும் கொண்டிருந்தது. பின்னர் விரிந்து குளிரத் தொடங்கியது. முதற்சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் தோன்றின. ஆனால் முழு அணுக்கள் இல்லை. வெப்பம் மிகுந்திருந்ததால் எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிந்தன.

ஒளி அப்போதும் இருந்தது. ஆனால் அதனால் நேராகச் செல்ல இயலவில்லை. நம் சுங்கை பெசார், செக்கிஞ்சான் வயல்வெளிகளில் விடியற்காலை மூடுபனி இறங்கினால் என்ன நிகழ்கிறது? எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கித் தெரியும். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். அதுபோலவே, திரிந்துகொண்டிருந்த எலெக்ட்ரான்கள் ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தன. பேரண்டம் முழுவதும் ஒளிரும் மூடுபனியாக இருந்தது.

3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் அளவில் வெப்பம் ஏறத்தாழ 2,700 பாகை செல்சியசாகக் குறைந்தது. எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு இணைந்தன. முழுமையான அணுக்கள் பிறந்தன. தடை நீங்கியதும் ஒளி நேராகப் புறப்பட்டது. அன்று அதை யாரேனும் காண முடிந்திருந்தால், எங்கும் செம்மஞ்சள் ஒளி நிறைந்திருக்கக் கண்டிருப்பர். பின்னர் அவ்வொளியும் கண்ணுக்குப் புலப்படாத அளவு மாறியது, இருள் சூழ்ந்தது. முதல் விண்மீன்கள் சுடர்விட மேலும் 10 முதல் 20 கோடி ஆண்டுகள் சென்றன.

அந்தப் பழைய ஒளியை 1965-இல் அமெரிக்க ஆய்வாளர்களான பென்சியாசும் வில்சனும் கண்டறிந்தனர். அவர்களுடைய ஏரியலில் விடாது ஓர் இரைச்சல் கேட்டது. அங்கே கூடு கட்டிய புறாக்களின் எச்சமே காரணம் என்று ஐயுற்று அதனைத் துடைத்தும் பார்த்தனர், இரைச்சல் ஓயவில்லை. அதுவே பேரண்டம் விரிய விரியத் தானும் நீண்டு நுண்ணலையாக மாறிய முதல் ஒளி. பெற்றோர்களே, பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நின்ற பின் வெள்ளைப் புள்ளிகள் இரைச்சலோடு துள்ளியதை நினைவுகூருங்கள். அவற்றில் ஒரு சிறு பங்கு அந்த முதல் ஒளியால் எழுந்ததாகும்.

சாகா ஆராய்ந்தது சூரியனையும் விண்மீன்களையுமே. ஆயினும் முதல் அணுக்கள் எந்த வெப்பத்தில் உருவாயின என்று கணக்கிட முனைந்தோர் அவருடைய சமன்பாட்டையே முதலில் கையிலெடுத்தனர். இன்றும் பல்கலைக்கழக மாணவர்கள் இப்பாடத்தை அச்சமன்பாட்டில்தான் தொடங்குகின்றனர்.

மக்கள் தொண்டு

சாகா ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. வெள்ளம் சூழும் மண்ணில் பிறந்த அவர், ஆற்றுநீரைக் கட்டுப்படுத்தும் திட்டங்களை வலியுறுத்தி எழுதினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவாவதற்கு அவருடைய எழுத்தும் துணைசெய்தது. கல்கத்தாவில் அவர் தோற்றுவித்த அணுக்கரு இயற்பியல் ஆய்வு நிலையம் இன்று அவர் பெயராலேயே விளங்குகிறது. 1952-இல் கட்சி சாராதவராகப் போட்டியிட்டு இந்திய நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், புதுடில்லியில் அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

நாம் பெறும் பாடம்

மாணவச் செல்வங்களே, நம் உடலிலுள்ள நீரிலும் நாம் பருகும் நீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கரு பேரண்டத்தின் முதல் நிமிடங்களுக்குரியது. இதனை உணரும் அறிவை மனிதகுலத்துக்குச் சேர்த்தவர்களுள் ஒருவர், மாடு பராமரித்துக்கொண்டே படித்த சிறுவன்.

பெற்றோர்களே, தோட்டத்துத் தொழிலாளத் தோழர்களே! அச்சிறுவனின் படிப்பு இரு முறை அறுந்துபோக இருந்தது. முதன்முறை ஒரு தமையனாரின் சம்பளப் பங்கும் ஒரு மருத்துவர் வீட்டுத் திண்ணையும் அதனைக் காத்தன. மறுமுறை ஒரு பள்ளி கதவைத் திறந்தது. ஆறாம் ஆண்டோடு நின்றுவிடப் பார்க்கும் ஒரு பிள்ளை நம் அண்டை வீட்டில் இருந்தால், நாமும் அந்தத் தமையனாராகவோ அந்த மருத்துவராகவோ இருப்போமாக.

வாழ்க கல்வி! வளர்க அறிவு!